விலைப்பட்டியல் இல்லாத சந்தை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்பட்ட ஏஜே டிபான்ட்ஸா, 2024 டிசம்பர் 10 அன்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தமது கல்லூரியை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 17. தேசியக் கோப்பைகளைப் பலமுறை வென்ற வட கரோலினா, கான்சாஸ் பல்கலைக்கழகங்கள் அவருக்காகக் காத்திருந்தன. அவர் தேர்ந்தெடுத்ததோ யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தை. என்பிஏ அணியொன்றில் துணைப் பயிற்சியாளராக இருந்த கெவின் யங், தம்மைத் தொழில்முறை ஆட்டத்துக்குத் தயார்செய்வார் என்பது வீரர் தரப்பில் கூறப்பட்ட காரணம். சுமார் 70 லட்சம் டாலர் என்பது ஊடகங்கள் கூறிய காரணம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

இதைப் பேராசை என்று கண்டிப்போர் உண்டு. பொருளாதாரம் கற்பித்தவன் அவ்வாறு கூற இயலாது. கல்லூரிகள் தங்களுக்குள் உடன்பட்டு, வீரரின் உழைப்புக்குப் படிப்பு உதவித்தொகைக்கு மேல் எதுவும் தருவதில்லை என்று பல பத்தாண்டுகள் விதி வகுத்திருந்தன. வாங்குவோர் ஒன்றுகூடி விலையை அடக்கிவைக்கும் கூட்டணிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. விலையில் போட்டியிட வழியில்லாதபோது போட்டி வேறு வாசல்களில் நுழையும். பயிற்சியாளருக்குப் பல லட்சம் டாலர் ஊதியம், மாளிகை போன்ற விளையாட்டரங்குகள், மறைவில் கைமாறும் பணம். அந்த மறைவுப் பணம் 2017-இல் எஃப்பிஐ விசாரணையில் அம்பலமானது. அதற்கு முந்தைய ஆண்டுதான், மார்ச் மாதத் தேசியப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமை மேலும் எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடி டாலருக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. ஆடியவர்களுக்கு அதில் பங்கில்லை.

2021-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அளித்த தீர்ப்பு அந்தக் கூட்டணியின் அடித்தளத்தை அசைத்தது. அதே ஆண்டு ஜூலை முதல், வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசம், ஒவ்வொரு கல்லூரியும் எல்லா விளையாட்டுகளுக்குமாக ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாக வழங்க வகைசெய்தது.

என் கவலை பணத்தைப் பற்றியது அன்று, தகவலைப் பற்றியது. என்பிஏவில் கடைசி இருக்கையில் அமரும் வீரரின் ஊதியத்தைக்கூட யாரும் பார்த்துக்கொள்ளலாம். அங்கே தொழிற்சங்கம் உண்டு. முகவர்கள் சங்கத்தின் சான்றிதழ் பெற்றாக வேண்டும். கல்லூரி வீரருக்குச் சங்கமும் இல்லை, முகவர்களுக்குத் தேசிய அளவில் அத்தகைய கட்டாயச் சான்றிதழும் இல்லை. தம் இடத்தில் ஆடும் மற்றொருவர் என்ன பெறுகிறார் என்பதற்கு வதந்தியே ஆதாரம். எதிரே அமர்ந்திருக்கும் பல்கலைக்கழகமோ ஆண்டுதோறும் இத்தகைய பேரங்களை நடத்திப் பழகியது.

கணக்கைப் பாருங்கள். முதல்நிலைப் பிரிவில் 350-க்கும் அதிகமான கல்லூரிகள். அணிக்குப் பதின்மூன்று பேர் என்றாலும் நாலாயிரத்தைனூறு பேருக்கு மேல். என்பிஏ ஆண்டுதோறும் தேர்வு செய்வது அதிகபட்சம் 60 பேர். அதிலும் முதல் சுற்றின் முப்பது பேருக்கே உறுதியளிக்கப்பட்ட ஒப்பந்தம். ஆகவே பெரும்பாலோருக்குக் கல்லூரி ஒரு படிக்கட்டு அன்று. ஆட்ட வாழ்வின் உச்சமே அதுதான். அந்த உச்சத்தில் ஊதியம் கேட்பது நியாயமே.

ஆனால் ரொக்கத்தைவிட விலைமதிப்புள்ள ஒன்று உண்டு: களத்தில் கிடைக்கும் நிமிடங்கள். பெரிய கல்லூரிகள் உதவித்தொகை தர முன்வராத ஸ்டீபன் கரி, டேவிட்சன் என்னும் சிறிய கல்லூரிக்குச் சென்று மூன்று ஆண்டுகள் ஆடினார். 2008-இல் அந்த அணியைத் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் கொண்டுசென்றார். 2009-இல் ஏழாவதாக என்பிஏவுக்குத் தேர்வானார். (அவர் தந்தையும் என்பிஏ வீரர், அந்த அனுகூலத்தை மறந்துவிடக் கூடாது.) இன்றைய டேவிட்சன்களால் அப்படியொருவரை மூன்று ஆண்டுகள் தக்கவைத்துக்கொள்ள முடியுமா என்பது ஐயமே.

காரணம், வீரர்கள் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம் என்று 2024-இல் விதி தளர்ந்துவிட்டது. வீரருக்கு இது விடுதலை. பயிற்சியாளருக்கோ, 18 வயதினரை வளர்த்தெடுக்காமல் 22 வயது அனுபவசாலியை வேறு கல்லூரியிலிருந்து அழைத்துக்கொள்ளும் வசதி. இலையுதிர் காலத்தில் தந்த வாக்குறுதி அடுத்த வசந்தத்தில் செல்லாமல் போகலாம். வாக்களித்தவரே போய்விடவும் கூடும். 2024-இல் ஜான் கலிபாரி 15 ஆண்டுகள் பணியாற்றிய கென்டக்கியை விட்டு ஆர்கன்சாவுக்குச் சென்றபோது, அவரை நம்பிக் கென்டக்கிக்கு ஒப்புக்கொண்ட மாணவர்கள் சிலர் பின்தொடர்ந்தனர்.

ஒவ்வொரு மாற்றத்திலும் முந்தைய கல்லூரியில் பெற்ற மதிப்பெண் அலகுகள் எல்லாம் புதிய இடத்தில் ஏற்கப்படுவதில்லை. தொகை எவ்வளவு என்று பேரம் பேசும் குடும்பங்கள் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மகனின் இடத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? காயத்தால் ஆட்டம் நின்றுபோனாலும் பட்டம் பெறும்வரை கட்டணத்தைக் கல்லூரி செலுத்துமா? இரண்டாவதற்கான விடையை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.