'உயர்தர சைவம்' என்றால் தாழ்ந்தது யார் தட்டு?

சென்னையில் உணவு பற்றிய பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்ட் 22 சென்னை நாளையொட்டி ஆண்டுதோறும் சொற்பொழிவுகள் நடக்கின்றன; மயிலாப்பூர் மாடவீதிகளில் உணவு நடைகள் நடக்கின்றன. வெளியூரிலிருந்து ஓர் உணவு எழுத்தாளர் பேச வந்தால், அவரை அழைத்துப்போகும் பாதையும் ஏறக்குறைய முடிவானதுதான்: ஃபில்டர் காபி, நெய் ரோஸ்ட், வாழை இலைச் சாப்பாடு. மாலையில் அரங்கில் 'நம் உணவு மரபு' என்று பேச்சு. இத்தகைய கூட்டங்களுக்குத் தொடர்ந்து போய்வரும் ஓர் ஆய்வாளராக எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். அந்த 'நம்' யார்?

ஒன்றிய அரசின் 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அசைவம் உண்பவர்கள். மேடையில் மரபு என்று விரிவது மிச்சமுள்ள மூன்று விழுக்காட்டுக்கும் குறைவானவர்களின் அடுப்படி.

இட்லியோடும் சாம்பாரோடும் நமக்குப் பகையில்லை. அவை எல்லோருடைய உணவும்தான். அவற்றை யார் பக்கத்தில் உட்கார்ந்து தின்பது என்பதில்தான் சண்டையே நடந்தது. ரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் இருந்த முறை, தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் இறங்கியது. சென்னையின் உணவு வரலாறு என்றால் இதுவும்தானே? எந்த உணவு நடையில் இதைச் சொல்கிறார்கள்?

சொல் இறங்கியது, எண்ணம் இறங்கவில்லை. தி.நகரில் ஒரு சுற்று சுற்றினால் 'உயர்தர சைவ உணவகம்' என்ற பலகைகளைப் பார்க்கலாம். சைவம் என்று மட்டும் எழுதினால் அது தகவல். உயர்தரம் என்று சேர்த்தால் அது படிநிலை. 2018 டிசம்பரில், அடையாறை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில், சைவம் உண்போருக்கும் அசைவம் உண்போருக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கை கழுவும் இடம் என்று அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. மாணவர்கள் எதிர்த்த பிறகே அவை கிழிந்தன. முரளி கபேக்கும் இதற்கும் இடையில் அறுபது ஆண்டுகள்.

மயிலாப்பூர் கோயிலிலிருந்து கடலை நோக்கி நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் நொச்சிக்குப்பம் இருக்கிறது. கடலுக்குப் போய் வந்த மீனைப் பெண்கள் சாலையோரம் வைத்து விற்ற ஊர். 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டி மாநகராட்சி அவர்களுடைய கடைகளை அகற்றியபோது, மீனவர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். 2024இல் அங்கே அரசு மீன் அங்காடி ஒன்றைத் திறந்தது. ஒரே வட்டாரத்தில் மாடவீதியின் உணவு பாரம்பரியம். குப்பத்தின் உணவு போக்குவரத்து இடைஞ்சல்!

இந்த இடத்தில்தான் மராத்திய எழுத்தாளர் ஷாஹு பாட்டோளேவை நினைத்துக்கொள்கிறேன். மராத்வாடாவின் மகர், மாங் சமூகங்களின் சமையலை அவர் 2015இல் நூலாக எழுதினார். 'உணவே பூரண பிரம்மம்' என்ற மராத்திச் சொலவடையைத் திருப்பிப்போட்டு, 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று தலைப்பு வைத்தார். எங்கள் தட்டைச் சேர்க்காத உங்கள் பிரம்மம் அரைகுறைதான் என்று பொருள். 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. உலர்த்திய மாட்டிறைச்சி, ரத்தம், குடல் எல்லாம் அதில் சமையல் குறிப்புகளாக இருக்கின்றன. நெய்யும் பாலும் ஏன் இல்லை என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. நம் வீடுகளின் உப்புக்கண்டத்துக்கும் ரத்தப் பொரியலுக்கும் அப்படி ஒரு நூல் வேண்டாமா?

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஒதுக்கப்பட்டவர்களின் உணவை நட்சத்திர விடுதியின் பீங்கான் தட்டில் 'அரிய சுவை' என்று பரிமாறவும் சிலர் தயாராக இருக்கிறார்கள். போட்டியும் குடலும் எங்கள் அம்மாக்கள் கைப்பட்டு ருசியாயின, உண்மை. நல்ல கறி யார் வீட்டுக்குப் போனதால் அவை எங்கள் வீட்டுக்கு வந்தன என்பதும் உண்மை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதைக் கொண்டாடுவது இன்னொரு திருட்டு.

எனவே இளம் தோழர்களே, அடுத்த உணவுச் சொற்பொழிவுக்கு அவசியம் போங்கள். கேள்வி நேரத்தில் எழுந்து, 1957 பற்றிக் கேளுங்கள். ஏற்பாட்டாளர்களிடம், நடையை நொச்சிக்குப்பம்வரை நீட்டச் சொல்லுங்கள். மீன் விற்கும் அக்காவை மேடையேற்றி, வெளியூர் எழுத்தாளருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் ஆயாவிடமும் கேட்டு எழுதத் தொடங்குங்கள். என்ன சமைத்தார்கள் என்பதோடு, எது கிடைக்காமல் போனது என்பதையும் எழுதுங்கள்.