புதிதாய் வந்தவர் தலையில் ஏற்றப்படும் பிரான்சீஸ்

குறைந்தபட்ச பிரான்சீசை, அதாவது நோய்க் காப்புறுதி கட்டத் தொடங்குமுன் ஒருவர் ஆண்டுதோறும் தன் பையிலிருந்து கட்டவேண்டிய மருத்துவச் செலவை, உயர்த்தியே தீரவேண்டும் என்று பேர்னிலுள்ள சுவிஸ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அரசுக்குக் கட்டளையிட்டிருப்பதை நாம் ஏற்கவில்லை. 2025 வசந்தகாலக் கூட்டத்தொடரில் எடுத்த அந்த முடிவுக்கு அவர்கள் சொன்ன காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 300 பிராங் என்ற தொகை 2004இலிருந்து அசையவில்லை, மருத்துவச் செலவோ ஏறிக்கொண்டே போகிறது, தன் பையிலிருந்து பணம் போகும் என்றால் மக்கள் தடிமனுக்கும் தலையிடிக்கும் வைத்தியரிடம் ஓடமாட்டார்கள் என்கிறார்கள். மக்கள் எதையும் கட்டாமல் இருப்பதுபோல இருக்கிறது இந்தப் பேச்சு. மாதக் கட்டுப்பணம் 2024இல் 8.7 வீதமும், 2025இல் 6 வீதமும், 2026இல் 4.4 வீதமும் ஏறி, சராசரி 393.30 பிராங்குக்கு வந்து நிற்கிறது. செலவின் ஏற்றத்தை மக்கள் ஏற்கனவே மாதாமாதம் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த உயர்வு எல்லோருக்கும் வலிக்கும். நாட்டுக்குப் புதிதாய் வந்தவருக்கு வலிப்பது வேறு விதம். அவையில் நடந்த விவாதத்தில் அந்த மனிதரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதே எமது கோபம்.

கணவனிடமோ மனைவியிடமோ குடும்ப இணைவில் வந்து சேர்ந்தவரை நினைத்துப் பாருங்கள். பதிவு முடிந்ததும் மூன்று மாதங்களுக்குள் கிராங்கன்காச (நோய்க் காப்புறுதி நிறுவனம்) ஒன்றைத் தெரிந்தெடுக்கவேண்டும். தெரிந்தெடுக்காவிட்டால் மாநிலமே ஏதோ ஒன்றில் சேர்த்துவிடும். மூன்றாம் மாதம் கையெழுத்து வைத்தாலும் காப்புறுதி அவர் வந்த நாளிலிருந்தே தொடங்கும், எனவே முதற் பட்டியலே மூன்று மாதத்துக்கு வரும். அதே நாட்களில் வீட்டுக்காரர் மூன்று மாத வாடகையை வைப்பாகக் கேட்டிருப்பார். மொழி வகுப்புக்குக் கட்டவேண்டும், குளிருக்கு உடுப்பு வாங்கவேண்டும். இந்த நிலையில்தான் அவர் முன்னால் ஆறு தொகைகள் வைக்கப்படுகின்றன: 300, 500, 1000, 1500, 2000, 2500. வரப்போகும் ஆண்டில் தனக்கு எவ்வளவு நோய் வரும் என்று அவர் அதில் ஒன்றைத் தொட்டுச் சொல்லவேண்டும்.

பெரும்பாலானோர் எந்த நிறுவனம் நல்லது என்று கேட்டு அலைகிறார்கள். அதற்கு அவ்வளவு அலையத் தேவையில்லை. அடிப்படைக் காப்புறுதியில் எல்லா நிறுவனமும் ஒரே சிகிச்சைகளைத்தான் ஏற்கவேண்டும் என்பது சட்டம். வயதையோ நோயையோ காட்டி எவரையும் மறுக்க முடியாது. நோய் விபரம் கேட்டு மறுக்கும் உரிமை மேலதிகக் காப்புறுதிக்கு மட்டுமே உண்டு. இரண்டையும் குழப்பிப் பேசும் முகவரிடம் அகப்பட்டவர், சலரோகத்தை மறைத்தால்தான் தன்னைச் சேர்ப்பார்கள் என்று பயந்துபோய் வருகிறார். உண்மையில் அவர் உட்கார்ந்து யோசிக்கவேண்டியது பிரான்சீசைப் பற்றி. அதைத்தான் எவரும் அவருக்கு விளக்குவதில்லை. அயலில் ஒருவர் 2500 எடுங்கள், மாதம் குறைவாக வரும் என்கிறார். அவரும் எடுக்கிறார்.

அந்த அறிவுரை யாருக்குச் சரி? 2500 எடுத்தால் கட்டுப்பணத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் 1540 பிராங் குறையலாம், மாதத்துக்கு ஏறத்தாழ 128. நோய் வந்தால் முதல் 2500 பிராங்கும் தன் பொறுப்பு, அதற்கு மேல் பத்து வீதம் 700 பிராங் வரை, ஆக 3200. 300 எடுத்தவருக்கு அதே நோய்க்கு 1000. வங்கியில் சில ஆயிரம் சேர்த்து வைத்திருக்கும் உடல்நலமுள்ள இளைஞருக்கு 2500 நல்ல கணக்குத்தான், அதை நாம் மறுக்கவில்லை. கையில் எதுவும் சேராத குடும்பத்துக்கு ஒரு சத்திரசிகிச்சையோடு 2500 பிராங் பட்டியல் வருகிறபோது, மாதம் மிச்சப்பட்ட நூற்றுச் சொச்சம் எப்போதோ வாடகையிலும் சாப்பாட்டிலும் கரைந்துபோயிருக்கும். அப்படிப்பட்டவருக்கும், எமது மக்களிடம் மிக அதிகமாகக் காணும் சலரோகத்தோடும் இரத்த அழுத்தத்தோடும் வந்து இறங்குபவருக்கும் இருந்த ஒரே பாதுகாப்பான தெரிவு 300. அதைத்தான் இப்போது உயர்த்துகிறார்கள். ஆண்டுதோறும் மருந்து எடுப்பவர் தன் பிரான்சீசை ஆண்டுதோறும் முழுதாகக் கட்டுகிறவர். 100 பிராங் மட்டும் கூட்டினாலும் அந்த நூறு ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் அவரிடமிருந்தே எடுக்கப்படும். தேவையில்லாமல் வைத்தியரிடம் ஓடுகிறவர்கள் என்று இவர்கள் குற்றஞ்சாட்டுவது இன்சுலின் ஊசியில்லாமல் வாழ முடியாதவர்களையா?

கட்டுப்பணத்தைக் குறைக்க இன்னொரு வழி என்று தொலைபேசி மாதிரியைக் காட்டுகிறார்கள். வைத்தியரிடம் போகுமுன் ஒரு இலக்கத்துக்கு அழைத்து நோயைச் சொல்லவேண்டும். மொழி வகுப்பின் முதற்படியில் இருப்பவர் நெஞ்சு இறுக்கத்தை யேர்மன் மொழியில் எப்படிச் சொல்வார்? சில நிறுவனங்களில் மருந்தகத்தில் முழுப் பணத்தையும் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்பக் கேட்கலாம். இவையெல்லாம் கையெழுத்து வைத்தபின்தான் தெரியவருகின்றன.

கட்ட முடியாமற் போனால் என்ன நடக்கும் என்பது எமது வாசகர் பலருக்கு அனுபவம். பிரான்சீஸ் பாக்கியும் கடன்தான். நினைவூட்டல் கடிதம், பிறகு பெட்ரைபுங் என்ற கடன் அறவிடும் நடவடிக்கை. பாக்கி தீரும்வரை மலிவான வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது. மாறுவதற்காக நவம்பர் 30க்குள் அனுப்பிய விலகல் கடிதம் செல்லாது. பெட்ரைபுங் பதிவைப் பார்த்து வீட்டுக்காரர் வீடு மறுக்கிறார், குடியுரிமை விண்ணப்பத்திலும் அதைக் காட்டிக் கேள்வி கேட்கிறார்கள். வந்து ஓராண்டு ஆகுமுன் அறியாமல் இட்ட ஒரு புள்ளடி பல ஆண்டுகள் துரத்துகிறது.

இதே அவைகளில் இதே திட்டம் முன்பும் வந்தது. செலவு ஏற ஏற பிரான்சீசும் தானாக ஏறும்படியான சட்டத்தை நீண்ட நாள் விவாதித்துவிட்டு, 2019 மார்ச்சில் இறுதி வாக்கெடுப்பில் கைவிட்டார்கள். அந்த ஒக்டோபரில் தேர்தல் இருந்தது. 2019இல் மக்களுக்குப் பாரமாக இருந்தது 2025இல் எப்படிப் பாரமில்லாமல் போனது? நோயாளர் மாறவில்லை. நாட்காட்டி மட்டும் மாறியிருக்கிறது.

இவர்களின் பழைய கணக்கையும் திறந்து பார்ப்போம். 1996இலிருந்து 2013வரை சூரிச், ஜெனீவா, வோ போன்ற மாநிலங்களில் மக்கள் தேவைக்கு மேல் கட்டுப்பணம் கட்டியது வெளிச்சத்துக்கு வந்தபோது, அதிகமாகக் கட்டப்பட்ட தொகையில் பாதிக்கும் குறைவாக 800 மில்லியன் பிராங்கைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை மூடினார்கள். முன்பின் அறியாத முகவர்கள் வீட்டுத் தொலைபேசியில் நச்சரிப்பதைச் சட்டத்தால் தடுக்க 2024 செப்டெம்பர்வரை காத்திருந்தார்கள். அதற்குள் எத்தனை புதியவர்கள் எந்தெந்தத் தாளில் கையெழுத்திட்டார்கள் என்று கேட்பாரில்லை. கட்டத் தவறியவர்களின் பெயரைச் சில மாநிலங்கள் கறுப்புப் பட்டியலில் ஏற்றி அவசர சிகிச்சை தவிர எல்லாவற்றையும் மறுக்கும் முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கிரவுபுண்டன் மாநிலத்தில் அந்தப் பட்டியலில் இருந்த எச்.ஐ.வி. நோயாளர் ஒருவர் மருந்துச் செலவு ஏற்கப்படாத நிலையில் இறந்தார். அந்த மாநிலம் பட்டியலைக் கைவிட்டது. பட்டியல்களை நாடு முழுவதும் ஒழிக்கலாம் என்ற யோசனை 2022இல் மேசைக்கு வந்தபோது, விரும்பிய மாநிலங்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று பேர்னில் முடிவெடுத்தார்கள். ஒரு மனிதர் செத்த பிறகும் அப்படி முடிவெடுத்தவர்கள்தான் இன்று எங்களுக்குச் சுயபொறுப்பைப் போதிக்கிறார்கள்.

இந்தத் துணிச்சலுக்குக் காரணம் உண்டு. இந்நாட்டில் வசிப்போரில் நாலில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டுக் குடியுரிமையோடு வாழ்கிறோம். கட்டுப்பணம் எல்லோருக்கும் உண்டு, கூட்டாட்சி வாக்குச்சீட்டு எமக்கில்லை. வருமானத்தில் பத்து வீதத்துக்கு மேல் கட்டுப்பணம் போகக்கூடாது என்ற முன்மொழிவை 2024 யூன் 9இல் நிராகரித்த வாக்கெடுப்பில், அந்தச் சுமையால் மிகவும் நசுங்கும் பலர் வாக்களிக்கவே இல்லை, அவர்களுக்கு உரிமையில்லை. கோபித்தாலும் வாக்கால் திருப்பியடிக்க முடியாதவரிடமிருந்து எடுப்பது சுலபம் என்பதை இவர்கள் நன்றாக அறிவார்கள்.

இந்த உயர்வைக் கைவிடவேண்டும். கைவிட மனமில்லையென்றால், வந்து சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளிலாவது புதியவருக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும். கையெழுத்திடும் முன் அவர் மொழியில், முகவரின் பணத்தில் தங்காத ஒருவர் உட்கார்ந்து கணக்கைச் சொல்லிக்கொடுக்கவேண்டும். தவறாகத் தெரிந்தெடுத்துவிட்டால் திருத்திக்கொள்ள ஒரு வழி திறந்திருக்கவேண்டும். அது எந்தச் சட்டப்பிரிவில் வரும், மாநிலம் செய்யுமா கூட்டாட்சி செய்யுமா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அவர்கள் அந்த நாற்காலிகளில் இருக்கிறார்கள்.