விற்க வேண்டாம் அந்த டெஸ்க்டாப்பை

வீட்டில் நாலைந்து வருடப் பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் அதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு கேமிங் லேப்டாப் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வாதிட்டிருந்தது. அதற்கு ஐந்து காரணங்களை அடுக்கியிருந்தார் கட்டுரையாளர். இரண்டிலும் இருப்பது ஒரே கிராபிக்ஸ் கார்டு. எங்கு வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டாம். கரண்ட் பில் குறையும். பழைய டெஸ்க்டாப்பில் பணம் போடுவது வீண். முதல் காரணம் உண்மைக்கு நேர் எதிரானது. மற்ற நான்கும் அரை உண்மைகள். இந்த ஐந்தையும் நம்பி ஒரு குடும்பம் தவணைக் கடன் வாங்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் காரணத்திலிருந்தே தொடங்குவோம். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற பெயரில் டெஸ்க்டாப்புக்கு வரும் கார்டில் 16,384 கூடா கோர்களும் 24 ஜிபி நினைவகமும் உண்டு. அது 450 வாட் வரை மின்சாரம் எடுக்கும். அதே எண்ணைத் தாங்கி லேப்டாப்புக்குள் இருப்பதில் கோர்கள் 9,728; நினைவகம் 16 ஜிபி; மின்சாரம் எவ்வளவு கூட்டினாலும் 175 வாட். டெஸ்க்டாப்பில் இருப்பது ஏடி102 சிப். லேப்டாப்பில் இருப்பது ஏடி103, அதாவது டெஸ்க்டாப்பில் ஒரு படி கீழே இருக்கும் 4080 கார்டின் சிப். நடுத்தர விலையிலும் இதே கதைதான். டெஸ்க்டாப் 4070-இல் 5,888 கோர்கள், 12 ஜிபி. லேப்டாப் 4070-இல் 4,608 கோர்கள், 8 ஜிபி. அடுத்த தலைமுறையில் இடைவெளி இன்னும் அகன்றது. டெஸ்க்டாப் 5090-இல் 21,760 கோர்கள் இருக்க, லேப்டாப் 5090-இல் 10,496 மட்டுமே, பாதிகூட இல்லை. இவை தயாரிப்பாளரே வெளியிட்டிருக்கும் எண்கள். ஐந்து நிமிடம் தேடியிருந்தால் கட்டுரையாளருக்கும் கிடைத்திருக்கும். தேடாமலேயே ‘ஒரே கார்டு’ என்று எழுதியது பொறுப்பின்மை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். 2016-இல் ஜிடிஎக்ஸ் 10 வரிசை வந்தபோது, லேப்டாப் சிப்களின் பெயருக்குப் பின்னால் இருந்த ‘எம்’ என்ற எழுத்தை என்விடியா நீக்கியது. அன்று அதற்கு நியாயம் இருந்தது. ஜிடிஎக்ஸ் 1080-இல் டெஸ்க்டாப்பிலும் லேப்டாப்பிலும் 2,560 கோர்கள். அந்தக் காலம் போய்விட்டது. டெஸ்க்டாப் கார்டுகள் 450, 575 வாட் என்று ஏறிக்கொண்டே போக, லேப்டாப்பின் உடம்பு அதே மெல்லிய உடம்பாகவே இருக்கிறது. கட்டுரையாளர் 2016-இன் உண்மையை எடுத்து இன்றைய வாசகருக்கு ஆலோசனையாகக் கொடுத்திருக்கிறார்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்றை அவர் தொடவே இல்லை. ஒரே பெயர் கொண்ட இரண்டு லேப்டாப்களே ஒன்றுபோல் ஓடாது. லேப்டாப் 4060 சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் ஓடவிடுவது என்பது லேப்டாப் தயாரிப்பாளரின் விருப்பம். மெல்லிய மாடலில் குறைந்த வாட், தடித்த மாடலில் கூடுதல் வாட். கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றேதான். வாட் எவ்வளவு என்று கேட்கச் சொல்லாமல் ஒரு கேமிங் லேப்டாப்பைப் பரிந்துரைப்பது வாங்குபவரின் கண்ணைக் கட்டி அனுப்புவதற்குச் சமம்.

அடுத்து வெப்பம். எந்த ஃபேனும் சிப்பை அறைக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. அறை 10 டிகிரி சூடேறினால், அதே வேலையைச் செய்யும் சிப்பும் ஏறத்தாழ அதே அளவு சூடேறும். பாராட்டுரைகள் எழுதப்படுவது குளிரூட்டிய அறைகளில். சென்னையிலோ வேலூரிலோ மே மாதப் பிற்பகலில், ஏசி இல்லாத மாடி அறையில் விளையாடும் பையனின் நிலை வேறு. பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே செப்புக் குழாய்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் அந்தச் சிறிய பெட்டியில், வெப்பம் எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபேன்கள் முழு வேகத்தில் இரையும். டெஸ்க்டாப்பில் இதற்கு வழி உண்டு. பெரிய கூலர் போடலாம், கேபினட்டில் இன்னொரு ஃபேன் மாட்டலாம், தூசியை வீட்டிலேயே தட்டலாம்.

எடுத்துச் செல்லலாம் என்பது கட்டுரையாளரின் இரண்டாவது காரணம். எடுத்துச் செல்லலாம்தான். இரண்டரை கிலோ லேப்டாப்போடு, பெரிய மாடல்களுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கனக்கும் அடாப்டரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அது இல்லாமல் விளையாட முடியாது. விமானத்தில் முன் அனுமதியின்றிக் கொண்டுபோகும் பேட்டரிக்கு 100 வாட் ஹவர் என்ற வரம்பு இருப்பதால், எந்தத் தயாரிப்பாளரும் அதற்கு மேல் வைப்பதில்லை. முழு வேகத்தில் 200 வாட் இழுக்கும் ஒரு இயந்திரத்துக்கு அது அரை மணி நேரக் கணக்கு. நடைமுறையில் அத்தனை வாட்டைப் பேட்டரியால் கொடுக்கவும் முடியாது. பிளக்கைப் பிடுங்கியதும் வேகம் வெகுவாக இறங்கிவிடும். மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டாம் என்ற மூன்றாவது காரணம் இங்கேயே தளர்ந்துபோகிறது. கரண்ட் போனால் லேப்டாப் அணையாது, செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்துக்கொள்ளலாம். அந்த அளவு பாதுகாப்பை டெஸ்க்டாப்புக்கு ஒரு யுபிஎஸ் கொடுத்துவிடும்.

அந்தப் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. எப்போதும் சார்ஜரில் செருகியபடி, எப்போதும் சூட்டில் கிடக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும்; சில நேரம் உப்பிக்கொள்ளும். மேசையை விட்டு அசையாத லேப்டாப்புக்கு நேர்வது இதுதான்.

கரண்ட் பில்லுக்கு வருவோம். இதில் கட்டுரையாளர் சொன்னது சரி, லேப்டாப் குறைவாகத்தான் எடுக்கும். எவ்வளவு குறைவு என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. விளையாடும்போது டெஸ்க்டாப் 350 வாட், லேப்டாப் 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 150 வாட். தினமும் மூன்று மணி நேரம், 60 நாள் விளையாடினால் இரண்டு மாத பில்லில் 27 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றே போட்டாலும் 270 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 270 ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக லட்ச ரூபாய்க்கு மேல் செலவு செய்யச் சொல்வது என்ன கணக்கு?

ஐந்தாவது காரணம்தான் கட்டுரையின் அடித்தளம். அடிப்படையான தவறும் அதில்தான் இருக்கிறது. புதிய லேப்டாப்பின் விலையைப் புதிய டெஸ்க்டாப்பின் விலையோடு ஒப்பிட்டு, மானிட்டர், கீபோர்டு எல்லாம் சேர்த்தால் இரண்டும் சரிக்குச் சரி என்கிறார். அவர் யாருக்காக எழுதினாரோ அந்த வாசகரிடம் டெஸ்க்டாப் ஏற்கெனவே இருக்கிறது. மானிட்டர், கேபினட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, கீபோர்டு எல்லாம் இருக்கின்றன. அவருக்குக் குறைவது பெரும்பாலும் ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டுமே. ஆகவே முழு லேப்டாப்பின் விலையை ஒரு கார்டின் விலையோடுதான் ஒப்பிட வேண்டும். ஒழுகும் குழாயை மாற்றக் கேட்டவரிடம் வீட்டையே விற்கச் சொல்லியிருக்கிறது அந்தக் கட்டுரை.

டெஸ்க்டாப்பில் போடும் பணம் வீண் என்பதற்கு ஏஎம்டியின் ஏஎம்4 மதர்போர்டுகளே மறுப்பு. 2017-இல் முதல் ரைசன் பிராசஸரோடு வாங்கிய பல போர்டுகளில், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரைப் பொருத்த முடிந்தது. ஐந்து ஆண்டு இடைவெளி, அதே போர்டு, அதே ரேம். இன்றைய கேமிங் லேப்டாப்பில் பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் மதர்போர்டோடு சேர்த்து ஈயம் வைக்கப்பட்டவை. ரேமையும் எஸ்எஸ்டியையும் பல மாடல்களில் மாற்றலாம், அதோடு சரி. வாரன்டி முடிந்த பிறகு கிராபிக்ஸ் சிப் பழுதானால் பெரும்பாலும் மதர்போர்டு முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். டெஸ்க்டாப்பில் கார்டு ஒன்றைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பினால் போதும்.

லேப்டாப்பிலும் கிராபிக்ஸை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தார். 2019-இல் டெல் நிறுவனம் ஏலியன்வேர் ஏரியா-51எம் லேப்டாப்பை அப்படிச் சொல்லித்தான் விற்றது. அடுத்த தலைமுறைச் சிப்பைத் தங்கள் லேப்டாப்பில் பொருத்த முடியவில்லை என்று 2021-இல் கலிஃபோர்னியாவில் அதன்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. ஃபிரேம்வொர்க் நிறுவனத்தின் 16 அங்குல லேப்டாப்பில் கிராபிக்ஸ் பகுதியைக் கழற்றி மாற்ற முடிகிறது, அதை மதிக்கிறேன். அது ஒரு விதிவிலக்கு. கட்டுரையாளர் பரிந்துரைத்த மாடல்களில் ஒன்றிலும் அந்த வசதி இல்லை.

டெஸ்க்டாப் மிகப் பழையது என்றால் கணக்கு சற்று மாறும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்து மாற்ற நேரும். அப்போதும் மானிட்டர், கேபினட், எஸ்எஸ்டி மிஞ்சும்.

கேமிங் லேப்டாப் யாருக்குமே கூடாது என்று நான் சொல்லவில்லை. விடுதியில் தங்கிப் படிப்பவர், மூன்று மாதத்துக்கு ஓர் ஊர் மாறும் வேலையில் இருப்பவர், மேசை போட இடமில்லாத அறையைப் பகிர்ந்துகொள்பவர், இவர்களுக்கு அதுதான் சரி. அவர்கள் கிராபிக்ஸ் சிப்பின் வாட், அதன் நினைவகம், ரேம் ஸ்லாட்டுகள், வாரன்டி ஆண்டுகள் ஆகிய நான்கையும் எழுத்தில் பார்த்துவிட்டு வாங்கட்டும். கட்டுரையாளர் எழுதியது இவர்களுக்காக அல்ல. வீட்டில் ஒரே மேசையில், ஒரே இடத்தில் உட்கார்ந்து விளையாடும் வாசகருக்காக எழுதினார். அந்த வாசகருக்கு அவர் சொன்னது தவறான ஆலோசனை.

டெஸ்க்டாப்பை விற்க நினைத்திருக்கும் வாசகர்களே, முதலில் அதன் பக்கவாட்டு மூடியைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது, கார்டுக்கு எவ்வளவு நீளம் இடம் இருக்கிறது என்று பாருங்கள். அந்த இரண்டையும் குறித்துக்கொண்டு ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ ஒரு கிராபிக்ஸ் கார்டின் விலையைக் கேளுங்கள். அதைக் கேட்காமல் லேப்டாப்புக்கான தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.