பதுளைத் தேவாலயமும் நமது லயங்களும்

கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அடையாள அட்டை அலுவலுக்கும் பதுளை டவுனுக்குப் போய் வருகிற நம்மில் அநேகர் புனித மாற்கு தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்திருப்போம். உள்ளே போனவர்கள் குறைவு. தரம் ஏழு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனபோதுதான் நானும் அங்கே நின்று நிதானமாகப் பார்த்தேன். நினைவுக் கல்லை எழுத்துக் கூட்டி வாசித்த ஒரு பிள்ளை, "யாரு சேர் இந்த ரொஜர்ஸ்? துரையா?" என்று கேட்டாள்.

துரைக்கும் மேல். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், இலங்கை ரைபிள் படை அதிகாரி. பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதியும் அவரே. 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி, 41 வயதில் இறந்தார். அவருடைய நண்பர்களும் அபிமானிகளும் சேர்ந்து எழுப்பிய இந்த அங்கிலிக்கன் தேவாலயம் 1857 முதல் நிற்கிறது. நுவரெலியாவில் உள்ள அவரது கல்லறையிலும் இடி விழுந்தது, யானைகளின் சாபம் அது என்பது ஊர்ப் பேச்சு. பிள்ளைகளுக்குப் பிடித்தது இந்தக் கதைதான்.

அதே காலத்தில்தான் கோப்பித் தோட்டங்களுக்காக நம் முன்னோர் கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்து மலையேறினார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள். ஒருவர் பெயரிலும் கல் இல்லை. 1854இல் தோட்டங்களுக்கென்று ஒரு மிஷன் தொடங்கியது. அதற்கு வைத்த பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. பெயர் கசக்கிறது. ஆனாலும் திருநெல்வேலியிலிருந்து வந்த அதன் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து, நம் பிள்ளைகளுக்கு அகரம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் நின்று படிப்பிக்கிற தோட்டப் பாடசாலைக்கும் அந்த வழியோடு உறவு உண்டு.

எல்லவுக்கும் தெமோதர ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் வெளிநாட்டவர் திரளாக வருகிற இந்நாளில், மலையகத்தின் பழைய தேவாலயங்களையும் பங்களாக்களையும் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. "நமக்கென்ன அதில்? சம்பளத்தில் சந்தா வெட்டித்தான் மாரியம்மன் கோயிலுக்கே ஓடு போடுகிறோம்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். நூற்றைம்பது வருடக் கட்டடம் ஒழுகினால் அது மரபுரிமை, புனரமைக்க வேண்டும். நூறு வருட லயக் காம்பரா ஒழுகினால் யாருக்கும் அவசரமில்லை. நம் வீடுகளுக்குத் தகரம் கேட்டு எத்தனை தரம் துரைமார் ஒபீஸ் வாசலில் நின்றிருக்கிறோம்!

ஆனாலும் தேவாலயம் புதுப்பிக்கப்படக் கூடாது என்று இந்தப் பத்திரிகை சொல்லாது. புதுப்பிக்கும்போது நாமும் உள்ளே இருக்க வேண்டும் என்றே சொல்கிறோம்.

வேலையிலிருந்தே தொடங்கலாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் அவசரத்துக்குச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று, சில வருடத்தில் கல்லே உதிரும். முதலில் கூரையும் பீலியும், பிறகு சுண்ணாம்புச் சாந்து, கடைசியில்தான் வர்ணம். இந்தக் கைவேலை தெரிந்த மேசன்மார் அருகி வருகிறார்கள். பசறையிலும் மடுல்சீமையிலும் வேலை தேடி கொழும்புக்குப் பஸ் ஏறுகிற நம் பையன்களை அதில் சேர்த்துப் பழக்கினால், நாளைக்குப் பழைய கட்டடம் எங்கே இருந்தாலும் அவர்களுக்கு வேலை உண்டு.

அடுத்தது ஏடுகள். பழைய தேவாலயங்களில் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எழுதிய பதிவேடுகள் உண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம், உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டபோது, காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் நம் தாத்தாமார் நாடற்றவர்களாக நின்றார்கள். கடைசி ஆட்களுக்கு உரிமை கொடுத்த சட்டம் வர 2003 ஆனது. கறையான் அரிக்குமுன் அந்த ஏடுகளைப் படமெடுத்து, எந்தச் சமயத்துக் குடும்பமும் வந்து தேடிப் பார்க்க ஒரு மேசை போட வேண்டும். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இலேயே ஒரு பழைய லயத்தைத் தொழிலாளர் நூதனசாலையாக ஆக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஊவாவில் நாம் ஏன் செய்யக்கூடாது?

கதவு திறப்பது என்றால் ஞாயிறு ஆராதனைக்கும் கமராவோடு வருகிறவருக்கும் மட்டுமல்ல. லுணுகலையிலிருந்து முதல் பஸ்ஸில் நோயாளியைக் கூட்டிவந்த அம்மா, வாட்டுக்குள் விடும் நேரம் வரும்வரை எங்கே உட்காருவார்? உயர்தரம் படிக்கிற தோட்டத்துப் பிள்ளை, வகுப்புக்கும் பஸ்ஸுக்கும் இடைப்பட்ட இரண்டு மணித்தியாலத்தை எங்கே கழிக்கும்? இங்கிலாந்திலேயே பல ஊர்க் கோயில்களுக்குள் இன்று தபால் கந்தோரும் உணவு வங்கியும் நடக்கின்றன, வழிபாடும் நடக்கிறது. மழைக்காலத்தை எண்ணினால் இது இன்னும் அவசரம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியபோதும், உயிர் தப்பியவர்கள் முதலில் தேடியது பலமான சுவருள்ள ஒரு பொதுக் கட்டடத்தைத்தான்.

மேஜரின் கல்லை யாரும் எடுக்க வேண்டாம். அது சரித்திரம், இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கல், இந்த மலைகளுக்கு நடந்து வந்தவர்களுக்காக வைக்கும்படி தேவாலயப் பொறுப்பாளர்களைக் கேட்போம். கடிதம் தயாராகிறது. அடுத்த தலைவர்மார் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய துண்டு, பற்றுச்சீட்டு, பெரிய கங்காணி காலத்துக் கணக்குப் புத்தகம் ஏதும் இருந்தால் கொண்டு வாருங்கள். போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு, அசலை அன்றே கையில் தந்துவிடுவோம்.