மானுக்கு எதை நடுவது? யார் காணியில் நடுவது?

திருகோணமலைப் பிரெட்றிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே புள்ளிமான்கள் நிற்பதைக் கண்டிருப்பார்கள். அவை கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை; கடற்கரை, கடைத்தெரு என்று நகரெங்கும் திரிகின்றன. மாரியில் புல் மேய்கின்றன. கோடையில் புல் கருகியதும் குப்பையில் வாய் வைக்கின்றன. சோற்று மணத்துக்காகப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீற்றுக்குத் தடை வந்தது. ஆனால் பொலித்தீன் நகரை விட்டுப் போகவில்லை.

இதைக் கண்டு மனமிரங்குவோர், "மானுக்கென்று ஒரு துண்டு நிலத்தில் தீனி நட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். காட்டோரத்தில் மீளக்குடியேறிய விவசாயிகள் வேறொரு காரணத்துக்காக அதே கேள்வியைக் கேட்கிறார்கள். கௌபிக் கொழுந்தையும் இளம் நெற்பயிரையும் மான் இரவோடிரவாக மேய்ந்துவிடுகிறது. அதற்கு வேறெங்காவது தீனி இருந்தால் எமது பயிர் தப்பாதா என்பது அவர்கள் கேள்வி. மூன்றாவது குரல் ஒன்றும் உண்டு: "நாங்கள் தகரக் கொட்டிலில் கிடக்க, மானுக்குத் தோட்டமோ?" இந்தக் கசப்பில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் விதையைப் பற்றிப் பேசுவது முறையல்ல.

விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரத்தில் ஒரு நிலச்சட்டம் உண்டு. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடவேண்டும்; அதில் தானாக விளைவதை ஏழைகள் உண்ணவேண்டும்; அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ணலாம். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். விலங்கை இறைவன் மறக்கவில்லை. ஆனால் ஏழைக்கு முன்னே அதை நிறுத்தவுமில்லை.

எமது மாவட்டத்தில் நிலம் தரிசானது இறைவனின் சட்டத்தால் அல்ல, யுத்தத்தால். 1984இல் தென்னமரவாடி மக்களும் 2006இல் சம்பூர் மக்களும் ஊரை விட்டு ஓடினார்கள். ஆளில்லாத வயல்கள் பற்றைக்காடாயின. புல்லும் பற்றையும் கலந்த நிலமே புள்ளிமானுக்கு மிகவும் உகந்தது. அது அங்கே பெருகியதில் மானின் குற்றம் எதுவுமில்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. 2009இல் யுத்தம் முடிந்து திரும்பியவர்கள், தமது பழைய வயல்களில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்களைக் கண்டதாக வடக்கு கிழக்கின் பல கிராமங்களிலிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. உரியவன் அகதியாய் இருந்த காலத்தில் வளர்ந்த பற்றையே, அவன் காணியைக் காடென்று சொல்லச் சாட்சியாகிவிட்டது.

ஆகவே எனது முதற் கருத்து இதுதான்: உரிமைப் பிரச்சினை தீராத காணியில் மானுக்கென்று ஒரு செடியும் நடக்கூடாது. அது நல்ல மனதோடு நடப்பட்டாலும், நாளை உரிமையாளனைத் தடுக்கும் வேலியாக மாறலாம். நடுவதற்கு வேறு இடங்கள் உள்ளன: கோட்டைக்குள் கிடக்கும் வெற்று நிலம், ஏற்கெனவே சந்தேகமற்ற காடாக உள்ள பகுதி, குளத்து ஒதுக்கு நிலம், சமய நிறுவனங்களின் தரிசு நிலம். ஆலயக் காணிகளை வைத்திருக்கும் நாமே இதில் முன்மாதிரி காட்டவேண்டும்.

இனி எதை நடுவது என்று பார்ப்போம். மானுக்குத் தீனிப்பாத்தி போடும் வழக்கம் வட அமெரிக்காவில் வேட்டைக்காரரிடையே பரவலாக உண்டு. மானைத் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு வரவழைப்பதே அவர்களில் பலரது நோக்கம். எமது நாட்டில் 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் காட்டு விலங்குகளைப் பாதுகாக்கிறது. எமது நோக்கமும் வேறு. ஆனால் அவர்களிடம் ஒரு பாடம் கற்கலாம்: தீனிப்பாத்தி மானை இழுக்கும். வயலோரத்தில் போட்டால் வயலுக்கே இழுத்து வரும். எனவே அது பயிர்நிலத்திலிருந்து தொலைவில், காட்டின் உட்பக்கமாகவே இருக்கவேண்டும்.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்ப்போம். அசைபோடும் விலங்கு நாளொன்றுக்குத் தன் எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு உலர்தீனி தின்னும். 50 கிலோ எடையுள்ள மானுக்கு அது ஒன்று, ஒன்றரைக் கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பங்கு நீர் என்பதால், பச்சையாகக் கொடுத்தால் 5 கிலோவுக்கு மேல் வேண்டும். 50 மான்களுக்கு நாளொன்றுக்கு 250 கிலோ. மே முதல் செப்டெம்பர் வரை ஐந்து மாதக் கோடைக்கு ஏறத்தாழ 38 ஆயிரம் கிலோ! கச்சான் காற்று மண்ணை உலர்த்தும் காலத்தில், நீர்ப்பாசனமில்லாத கால் ஏக்கர் பாத்தி இதைத் தராது. எமது மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே பெய்கிறது. அப்போது புல் எங்கும் உண்டு. கௌபியோ சோளமோ மாரியில் விதைத்தால், பசியில்லாத காலத்தில் உணவு கொடுத்ததாகவே முடியும்.

எனவே கோடையைத் தாங்கும் வேரும் கோடையில் உதிரும் பழமும் உள்ளவற்றையே நடவேண்டும். பாலையும் வீரையும் எமது வரண்ட காட்டின் சொந்த மரங்கள். புல் கருகும் மாதங்களில் அவற்றின் பழம் உதிர்கிறது. குரங்கு மரத்திலிருந்து கொட்டுவதை மான் கீழே பொறுக்கித் தின்பதைக் காட்டோரம் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். ஆல், இத்தி, இலந்தை, புளி, ஆத்தி என்பவற்றையும் சேர்க்கலாம். பாலை மெதுவாகவே வளரும். இன்று நடுபவன் பிள்ளைகளின் காலத்துக்கே நடுகிறான். இடைக்காலத்துக்கு அறுகம்புல்லும், கொப்பு வெட்டி ஊன்றினாலே முளைக்கும் சீமைக்கிளுவையும் உதவும். கன்றை மாரித் தொடக்கத்தில் நட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முட்கிளைகளால் அடைக்கவேண்டும். இல்லையேல் யாருக்காக நட்டோமோ அந்த மானே குருத்தைத் தின்றுவிடும்.

நடக்கூடாதவையும் உண்டு. சீமைக்கருவேல் அம்பாந்தோட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து நடப்பட்டு, பூந்தல தேசியப் பூங்காவின் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. இபில் இபில் விரைந்து பரவும். அதன் இலையை அளவுக்கு மீறித் தின்றால் விலங்கின் மயிர் கொட்டும். கினிப்புல் இளமையில் நல்ல தீனி. முற்றிக் காய்ந்தால் கோடைத் தீக்கு விறகு.

ஆனால் மரத்துக்கும் முன்னால் வேண்டியது தண்ணீர். நீரோடையைத் தேடும் மானைத் தன் ஆன்மாவின் தாகத்துக்கு உவமையாக்கினார் 42ஆம் திருப்பாடலின் ஆசிரியர். கோடையில் மான் தண்ணீருக்காகவே ஊருக்குள் இறங்குகிறது. இறங்கிய வழியில் பயிரை மேய்கிறது. காட்டுக்குள் தூர்ந்து கிடக்கும் சிறு குளமொன்றைத் திருத்தினால் மான் அங்கே தங்கும். பக்கத்து வயற்கிணறுகளிலும் நீர் ஊறும். மனிதனுக்கும் மானுக்கும் ஒரே செலவில் பயன் தரும் வேலை இது. இதற்கு முதலிடம் கொடுக்கும்படி கமநல சேவை நிலையத்திடமும் பிரதேச செயலகத்திடமும் விவசாய சங்கங்கள் எழுத்தில் கேட்கவேண்டும்.

வயலிலும் செய்யக்கூடியது உண்டு. வஸ்கமுவப் பக்கத்தில் யானை விரும்பாத தோடை மரங்களை வீட்டைச் சுற்றி நட்டுப் பயன் கண்டிருக்கிறார்கள். மானுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. காட்டுப் பக்கத்தில் எள்ளு, மஞ்சள் போன்ற மணமும் கசப்பும் உள்ளவற்றை வைத்து, கௌபியையும் கச்சானையும் வீட்டுப் பக்கத்தில் வையுங்கள். நடுவே கிளுவை வேலி அடைத்து முள் கட்டுங்கள். பசித்த மான் எதையும் கடித்துப் பார்க்கும். எனவே இது முழுக் காப்பு அல்ல, இழப்பைக் குறைக்கும் வழி.

கோட்டை மான்களுக்கு நகரமக்கள் செய்யக்கூடிய முதல் தருமம் குப்பையை மூடி வைப்பதே. யாத்திரிகர்கள் கையிலிருந்து எதையும் ஊட்டாமல் இருப்பது இரண்டாவது. நடுவது அதற்குப் பிறகு.

மானுக்கு இரங்கும் மனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன் காணியின் எல்லையை மீட்டுக்கொண்ட விவசாயி, காட்டோரத்தில் ஒரு பாலைக் கன்றை நடத் தயங்கமாட்டான். காணியில்லாதவனிடம் அந்தத் தாராளத்தைக் கேட்க எமக்கு உரிமையில்லை. காணி உறுதியும் குளமும் மரமும் என்ற இந்த வரிசையில் வேலை நடக்கட்டும். மானுக்கான பங்கு தானாகவே வந்து சேரும்.