இணையக் கடைக்கு எதற்குக் காணி உறுதி?

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் ஒரு பெண்ணுக்குத் துணையாக அண்மையில் பிரதேச செயலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்தச் செயலகம் என்று எழுதப்போவதில்லை. மேசைக்கு அப்பால் இருந்த உத்தியோகத்தர் தமக்குத் தரப்பட்ட படிவத்தில் உள்ளதைத்தான் கேட்டார். என் வழக்கு அவரோடு அன்று, அந்தப் படிவத்தோடு.

அந்தப் பெண் சாரிச் சட்டைகளும் சிறுமிகளுக்கான கவுன்களும் தைக்கிறார். தைத்ததைப் படமெடுத்து முகநூலில் இடுவார். வட்ஸ்அப்பில் ஓடர் வரும். கூரியர்காரர் கடைச்சந்திக்கு வந்து பொதியை வாங்கிப் போவார். பொருள் போய்ச் சேர்ந்த பின் காசு வரும். மாதம் இருபது பொதிகள் போனால் அது நல்ல மாதம். சற்றுப் பெரிதாகச் செய்வோம் என்று இணையச் சந்தைத் தளமொன்றில் கடை திறக்க முயன்றபோது வியாபாரப் பதிவுச் சான்றிதழ் கேட்டார்கள். வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கப் போனால் அங்கும் அதே சான்றிதழ். ஆகவே பதிவு செய்துகொள்ளத் தாமாகவே புறப்பட்டு வந்தார். வாசகர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஒளித்து வியாபாரம் செய்தவரை அரசு தேடிப் பிடித்துக் கொண்டுவரவில்லை. 'என்னைப் பதிந்துகொள்ளுங்கள்' என்று அவரே அரசின் வாசலில் வந்து நின்றார்.

"வியாபார இடத்தின் உறுதி வேண்டும். இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தம்" என்றார் உத்தியோகத்தர்.

"லயத்துக்கு உறுதி ஏது சேர்?" என்றார் இவர்.

அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. தோட்டக் காணி அரசுக்குரியது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. குத்தகை கம்பனியிடம் இருக்கிறது. நாலு தலைமுறையாக அந்தக் கூரைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவரிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. தோட்ட நிருவாகத்திடம் ஒரு கடிதம் வாங்கி வரலாமே என்றார்கள். அங்கும் போனோம். லயத்தில் வியாபாரம் நடக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் நாளை அதற்கு யார் பதில் சொல்வது என்று நிருவாகம் தயங்கியது. வியாபாரம் என்றால் அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. அந்த அறையில் இருப்பது ஒரு தையல் இயந்திரம்.

கண்டிச் சீமையின் இதே மலைகளில், லூல்கந்துர தோட்டத்தில், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இந்த மலைகளிலிருந்து உலகமெங்கும் பெட்டி போகத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கொழுந்து பறித்தவரின் பேத்தி அனுப்பும் பொதிக்கு மாத்திரம், புறப்பட்ட இடத்தை நிரூபிக்க வழியில்லாமல் இருக்கிறது.

சட்டம் இதைத்தான் விரும்புகிறதா? வியாபாரப் பெயர்கள் கட்டளைச்சட்டம் 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கம். பிரித்தானியர் 1916இல் தம் நாட்டில் செய்த சட்டத்தின் சாயலில் இங்கும் இயற்றினார்கள். வேறொரு பெயரில் வியாபாரம் நடத்துபவரின் உண்மைப் பெயர் பொதுமக்களுக்குத் தெரியவேண்டும், கொடுக்கல் வாங்கலில் ஏமாறியவர் யார்மீது வழக்கு வைப்பது என்று திகைத்து நிற்கக்கூடாது, அவ்வளவுதான் அதன் நோக்கம். தம்முடைய முழுப் பெயரிலேயே வியாபாரம் செய்பவரிடம் அந்தக் கட்டளைச்சட்டம் பதிவையே கேட்கவில்லை. அது கேட்ட கேள்வி 'நீ யார்?' என்பது. அதற்கு இன்று தேசிய அடையாள அட்டை ஒன்றே பதில் சொல்லிவிடும். நமது அலுவலகங்களோ 'உன் கட்டடம் யாருடையது?' என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. கடை என்றால் தட்டியும் பலகையும் கொண்ட கட்டடம் என்றிருந்த காலத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு நியாயம் இருந்தது. கைத்தொலைபேசிக்குள் இருக்கும் கடைக்கு எந்த உறுதியைக் காட்டுவது?

வரி என்றதும் எழும் அச்சம் வேறு. 2024இல் பதினெட்டு வயதைக் கடந்த எல்லோரும் இறைவரித் திணைக்களத்தில் பதிந்து இலக்கம் பெறவேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, தோட்டங்களில் பலர் சம்பளத்தில் வெட்டப்போகிறார்கள் என்றே நினைத்தார்கள். வியாபாரப் பெயரைப் பதிவது ஒன்று, வரி இலக்கம் பெறுவது இன்னொன்று, வரி கட்டுவது மூன்றாவது என்பதைத் தமிழில் இருந்து விளக்கியவர்கள் மிகச் சிலர். தனியாளின் வருடாந்த வரி விலக்கு 2020இல் முப்பது இலட்சம் ரூபாய். 2023இல் பன்னிரண்டு இலட்சத்துக்கு இறக்கினார்கள். 2025 ஏப்ரல் முதல் பதினெட்டு இலட்சம் என்றார்கள். அதாவது செலவு போகக் கையில் மாதம் ஒன்றரை இலட்சம் மிஞ்சினால்தான் வருமான வரி என்ற பேச்சே எழும். பெறுமதி சேர் வரிக்கான எல்லை 2024இல் ஆண்டுக்கு ஆறு கோடி ரூபாய் விற்பனை. 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தபடி அதை மூன்று கோடி அறுபது இலட்சமாகக் குறைத்தாலும் இருபது பொதிக்காரியை அது தொடாது. ஆகவே, இந்தப் பெண்ணைப் பதிவதால் திறைசேரிக்கு ஒரு சதமும் வரப்போவதில்லை. பதியாததால் நட்டமும் இல்லை. நட்டம் முழுவதும் அவருக்கே.

கண்டி கொழும்பு வீதியில் புடைவைக் கடை வைத்திருக்கும் என் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்பட்டார். "கடை வாடகை, மாநகர சபை அனுமதிப்பத்திரம், மதிப்பீட்டு வரி, வேலைக்காரருக்குச் சேமலாப நிதி, எல்லாம் நான் கட்டவேணும். ஒரு போனை வைத்துக்கொண்டு இரவில் நேரலையில் நூறு சாரி விற்கிறவன் ஒன்றும் கட்டத் தேவையில்லையோ?" என்றார். நியாயமான கேள்வி. இதைத் தட்டிக் கழிக்கிறவர்கள் சிறு விற்பனையாளருக்கு நன்மை செய்யவில்லை. ஆனால் அந்த நேரலைக்காரரைப் பிடிக்கும் வழி காணி உறுதி அன்று. அவரிடம் உறுதியும் இருக்கும், ஒன்றுக்கு இரண்டாகக் கட்டடமும் இருக்கும். பணம் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் பார்க்கவேண்டும். பொதியைக் கொடுத்துக் காசை வாங்கிவருவது கூரியர் நிறுவனம். கணக்கு அங்கே ரூபாய் சதமாக இருக்கிறது. சந்தைத் தளங்களிடமும் இருக்கிறது.

இலண்டனில் இருக்கும் நண்பர்கள் இதை அறிவார்கள். அங்கே 2024 ஜனவரி முதல் தளங்களே விற்பனையாளரின் கணக்கைத் திரட்டி வரித்துறைக்குக் கொடுக்கவேண்டும். ஆண்டில் முப்பதுக்குக் குறைந்த விற்பனையும் இரண்டாயிரம் யூரோவுக்கு மேற்படாத வரவும் உள்ளவரின் விவரம் போகாது. இந்தியா முதலில் எதிர்த்திசையில் நடந்தது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது, இணையத் தளத்தில் பொருள் விற்பவர் எத்தனை சிறியவரானாலும் பதிந்தே ஆகவேண்டும் என்றார்கள். தெருவில் கடை வைத்தவருக்கு இருந்த எல்லை இவர்களுக்கு இல்லை. ஆறாண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் முதல், தம் மாநிலத்துக்குள் விற்கும் சிறியவர்களை அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவித்தார்கள். நாம் அந்த ஆறாண்டுகளையும் மறுபடி நடந்துதான் பார்க்கவேண்டுமா?

பெரியவர்களிடம் நமது அரசு காட்டும் பொறுமையையும் சொல்லவேண்டும். வெளிநாட்டு இணைய நிறுவனங்கள் இங்கு விற்கும் சேவைகளுக்கு 2025 அக்டோபர் 1 முதல் பதினெட்டு வீதப் பெறுமதி சேர் வரி என்றார்கள். பிறகு அதை 2026 ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். ஆயத்தமாக அவகாசம் வேண்டுமாம். கொடுக்கட்டும். தெல்தோட்டைத் தையற்காரிக்கு அவகாசமும் வேண்டாம், சலுகையும் வேண்டாம். இடமில்லாத வியாபாரத்துக்கு இட உறுதி கேட்காமல், அடையாள அட்டையையும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் ஏற்றுக்கொண்டால் போதும்.

அந்தப் படிவமாவது தமிழில் இருந்ததா? இல்லை. சிங்களப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். வடக்குக் கிழக்குக்கு வெளியிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரை எழுதினேன். அங்குள்ள குடும்பங்கள் அனைத்துக்கும் அதுவே முகவரி; கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், பிறகு யார் கையிலாவது வந்துசேரும். நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டு கொடு என்று நாளை ஓர் அறிவித்தல் வந்தால், அது டிசம்பரில் கிடைத்தாலும் நான் வியப்படையமாட்டேன்.

இப்போதைக்கு அவர் தம் சொந்தப் பெயரிலேயே முகநூலில் விற்கிறார். மகளின் பெயரை வைத்துக் கழுத்துப் பட்டியில் தைப்பதற்கென்று கண்டியில் அச்சடித்து வாங்கிய ஐந்நூறு சிட்டைகள் இயந்திரத்தின் லாச்சிக்குள் கிடக்கின்றன. தோட்ட நிருவாகத்தின் கடிதம் இதை எழுதும் வரை வரவில்லை.