பழைய டிஎல்எல்-க்கு யார் பொறுப்பு?

விண்டோஸ் மெஷினில் கொஞ்சம் பழைய எம்பெடட் டூல்செயின் எதையாவது ஓட்டியவர்கள் ஒரு வார்னிங்கைப் பார்த்திருப்பீங்க. 'ஃபாஸ்ட் சிடபிள்யூடி பாயிண்டரைக் கணக்கிட முடியவில்லை, தயவுசெய்து எங்களிடம் தெரிவிக்கவும்' என்பது அதன் சாரம். அதுக்குக் கீழேயே கம்பைல் முடிந்து அவுட்புட்டும் வந்துவிடும். 'வார்னிங்தானே, எரர் இல்லையே' என்று பெரும்பாலானவர்கள் ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கதை, நம்ம ஓஎஸ் பேப்பரில் வரும் பல கேள்விகளை விட முக்கியமானது என்பது என் கருத்து.

அந்த வரியை அச்சிடுவது சிக்வின். யூனிக்ஸுக்காக எழுதிய நிரல்களை விண்டோஸில் கம்பைல் பண்ணி ஓட்டுவதற்காக, 1995-ல் சிக்னஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லைன் தொடங்கிய திட்டம் அது. இதயம் ஒரே ஒரு டிஎல்எல். நிரல் 'ஃபோர்க்' என்று கேட்டாலும் 'ஓபன்' என்று கேட்டாலும், அந்த டிஎல்எல் அதை விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும். இதில் சுலபமாக இருக்க வேண்டியது 'சிடி', அதாவது டைரக்டரி மாற்றுவது. அதுதான் தலைவலி கொடுத்தது.

ஏன்? 'நான் இப்போ எந்த டைரக்டரியில் இருக்கிறேன்' என்ற தகவல் யூனிக்ஸில் கெர்னலிடம் இருக்கிறது. ஒரு ப்ராசஸ் உள்ளே இருக்கும்போதே இன்னொருவர் அந்தக் காலி டைரக்டரியை அழித்துவிடலாம். யூனிக்ஸ் அதைத் தடுக்காது. விண்டோஸில் அந்தத் தகவல் ப்ராசஸின் சொந்த மெமரியில், பாதையின் பெயராகவும் ஒரு திறந்த ஹேண்டிலாகவும் இருக்கிறது. அந்த ஹேண்டில் 'மற்றவர்கள் அழிக்கலாம்' என்ற அனுமதி இல்லாமல் திறக்கப்படுவதால், உள்ளே யாராவது இருக்கும்வரை டைரக்டரியை நீக்க முடியாது. 'ஃபோல்டர் இன்னொரு நிரலில் திறந்திருக்கிறது' என்று விண்டோஸ் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, பாதையின் நீளத்துக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பு வேறு.

யூனிக்ஸ் மாதிரியே நடந்துகொள்ள வேண்டும் என்றால், சிக்வின் தானே அனுமதியோடு ஒரு ஹேண்டிலைத் திறந்து, விண்டோஸ் வைத்திருக்கும் இடத்தில் அதைச் செருக வேண்டும். விஸ்டாவில் இருந்து மைக்ரோசாஃப்ட் இந்த உள் அமைப்பை மாற்றிவிட்டது. புது அமைப்பைக் காட்டும் பாயிண்டர் என்டிடிஎல்எல்-க்கு உள்ளே இருக்கிறது. வெளியே யாருக்கும் கொடுக்கப்படவில்லை, ஆவணத்திலும் இல்லை. அதனால் சிக்வின் என்ன செய்கிறது தெரியுமா? என்டிடிஎல்எல்-இன் மெஷின் கோடையே படித்து, தெரிந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் வரிசையைத் தேடி, அந்த பாயிண்டர் எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்கிறது. விண்டோஸின் புதுப் பதிப்பில் அந்த வரிசை மாறினால் தேடல் தோற்கும், வார்னிங் வரும், சிக்வின் வேறு வழியில் சமாளித்துக்கொண்டு ஓடும்.

இதில் யார் மேல் தப்பு? மைக்ரோசாஃப்ட் மேல் போடுவது சுலபம். ஆனால் ஆவணத்தில் சொல்லாத உள் அமைப்பை மாற்ற அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சிக்வின் மேல் போடலாமா? வேறு நல்ல வழி இல்லாமல்தான் இதைச் செய்தார்கள். தோற்கும்போது மறைக்காமல் சொல்லவும் செய்தார்கள். ஒவ்வொரு முறை விண்டோஸ் மாறியபோதும் தேடலைத் திருத்திப் புது டிஎல்எல் வெளியிட்டார்கள். பிரச்சினை, அந்தப் புது டிஎல்எல் பயனாளரிடம் போய்ச் சேரவில்லை.

என் கணக்கில் பொறுப்பாளி மூன்றாவது ஆள். சிக்வினின் டிஎல்எல்-ஐத் தன் டூலோடு சேர்த்து இன்ஸ்டாலரில் அடைத்துவிட்டு, அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்காதவர். சிக்வின் குழு பின்னாளில் வார்னிங்கின் வாசகத்தையே மாற்றியது: 'புது விண்டோஸில் பழைய சிக்வினை ஓட்டினால் பெரும்பாலும் இப்படி வரும், அப்டேட் பண்ணுங்க' என்று. ஆனால் கொடுமையைப் பாருங்க: திருத்திய வாசகம் புது டிஎல்எல்-லில்தான் இருக்கிறது. பழையதை வைத்திருப்பவருக்கு 'எங்களிடம் தெரிவிக்கவும்' என்ற பழைய வரிதான் வரும். அவரும் தெரிவிப்பார். எப்போதோ சரிசெய்த ஒன்றுக்கு சிக்வின் குழு மறுபடி பதில் எழுத வேண்டும். அடைத்து விற்றவருக்கு இது எதுவும் தெரியாது.

'ஓடுற வண்டியை ஏன் பிரிக்கணும்?' என்று கேட்பீங்க. நியாயம்தான். சோதித்த பதிப்பை மாற்றாமல் வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் அப்படிப் பூட்டினால் எந்த விண்டோஸில் சோதித்தோம் என்பதையும் சேர்த்துப் பூட்டணும், எழுதியும் வைக்கணும். கீழே ஓஎஸ் மாறிக்கொண்டே போகும்போது மேலே மட்டும் பூட்டி என்ன பயன்?

'இப்போதான் டபிள்யூஎஸ்எல் 2 வந்தாச்சே' என்பது அடுத்த பதில். உண்மை. அதில் ஓடுவது நிஜ லினக்ஸ் கெர்னல். டைரக்டரி மாற்றுவது அங்கே கெர்னலின் வேலை, இந்தத் திருட்டுத் தேடல் தேவையில்லை. ஆனால் பாடம் சிக்வினோடு முடியவில்லை. அடுத்தவருடைய லைப்ரரியை அடைத்துக் கொடுக்கிற இடமெல்லாம் இதே கதைதான்.

அந்த இடங்களில் நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்டும் ஒன்று. மே மாதம் வந்தால் டூல்செயின், டிஎல்எல், லைப்ரரி எல்லாத்தையும் ஒரே ஜிப்பில் போட்டு ஜூனியரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவது நம்ம ஊர் வழக்கம். இரண்டு வருஷம் கழித்து லேபில் விண்டோஸ் மாறும். ஒரு வார்னிங் வரும். யாரிடம் கேட்பது என்று அந்த ஜூனியருக்குத் தெரியாது. அதை எழுதியவருக்கும் இந்த ஜிப் இருப்பதே தெரியாது.

அதனால் ஜிப்போடு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வையுங்க. என்னென்ன அடைத்திருக்கிறது, எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுத்தது, எந்த விண்டோஸில் சோதித்தது, வரும் வார்னிங்குகளில் எதற்கு என்ன அர்த்தம். பத்து வரி போதும். அடைத்துக் கொடுத்தவர் செய்ய வேண்டிய குறைந்தபட்ச வேலை அது.